பெண் பார்க்கப் போய்த் தொழுவம் பார்த்த கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் வீட்டு அடுக்களைக் கூரை மூன்று மழைக்காலமாக ஒழுகியது. நான் ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. ஆனால் ஊரான் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் ஓடு உடைந்து, அதன் வழியாக வெயில் ஒரு கீற்று இறங்கிவிட்டால் போதும், அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். கலைஞன் இல்லையா!

கழக்கூட்டம் என்ற மலையாளத்து ஊரில் கம்ப்யூட்டர் வேலை. ஐந்து நாள் கண்ணாடிக் கட்டடத்துக்குள் ஏ.சி.யில் உட்கார்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு இடிந்து விழப்போகும் தொழுவங்களைத் தேடிப் போவேன். அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டவர்களிடம் 'மரத்தின் ரேகை, பாசியின் பச்சை, காலத்தின் மௌனம்' என்று வாய்க்கு வந்ததை அளப்பேன். உண்மைக் காரணம் வேறு. மனிதர்களைப் படமெடுக்க எனக்குக் கூச்சம். தொழுவம் கண்ணை மூடாது, வயிற்றை உள்ளே இழுக்காது, 'என்னை ஏன் இவ்வளவு குண்டாக எடுத்தாய்?' என்று சண்டைக்கு வராது.

எனக்கு இருபத்தெட்டு வயதானபோது அம்மா பெண் தேடிக்கொண்டிருந்தாள். இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவது இடம் விதுராவில். எங்களைப் போலவே நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். பெண் பெயர் உமா, பள்ளிக்கூட டீச்சர். போட்டோவைப் பார்த்த அன்றே எனக்குப் பிடித்துப்போனது. (வீட்டில் 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று கெத்தாகச் சொல்லிவிட்டு, ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவே அந்தப் போட்டோவைத் திறந்து திறந்து பார்த்தேன்.)

"எலே மக்கா, இதயாவது ஒழுங்கா முடிச்சு வை. அந்தக் கேமரா சனியன எடுத்துட்டு வராத, கேட்டியா?" என்றாள் அம்மா, கிளம்பும்போது.

கேட்டேன். கேமராவைக் காரின் பின்சீட்டுக்கு அடியில் வைத்தேன்.

உமாவின் அப்பா சிமெண்டுக் கடை வைத்திருப்பவர். வாசலுக்கே வந்து கைகூப்பினார். நான் அவரைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு தொழுவம் நின்றது. வெட்டுக்கல் சுவர், அயினி மரத் தூண்கள், கூரையில் பாதி ஓடுகளைக் காணோம், நாலரை மணி வெயில். பெண் தயாராகப் பத்து நிமிஷமாகும் என்றார்கள். பத்து நிமிஷம்! 'காத்து வாங்கிட்டு வாறேன்' என்று நழுவி, கேமராவோடு தொழுவத்துக்கு முன்னால் போய் நின்றேன். விருந்தாளி தனியாகப் போகிறானே என்று உமாவின் அப்பாவும் பின்னாலேயே வந்தார்.

"இது எத்தன வருஷம் இருக்கும் சார்?"

"எங்க அப்பா காலத்து தொழுத்தாக்கும். அறுவது இருக்கும்."

"தூணு அயினியா?"

"அயினிதான். எந்தா?"

"அந்தக் கம்பிவேலி வர உங்க எல்லையா?" (வேலி படத்துக்குள் விழுந்து என் உயிரை வாங்கியது.)

"ஆமா..."

"இத இடிக்கிற யோசனை ஏதும் உண்டா?"

"மோனே, அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"சும்மாதான் சார்" என்று சொல்லி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வேலியை நோக்கிப் பதினாலு அடி பின்பக்கமாக எடுத்து வைத்தேன். புத்தியுள்ளவன் அப்போது அவர் முகத்தைப் பார்த்திருப்பான். நானோ, அவர் வெளிச்சத்தை மறைக்கிறார் என்பதைத்தான் பார்த்தேன். அவர் வீட்டு முற்றத்தில் அவரையே கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன். பிறகு தாழ்ந்த கோணம் வேண்டுமென்று தரையில் படுத்தேன். தொழுவத்துத் தரையில் என்ன இருக்கும் என்று கலைஞர்கள் யோசிப்பதில்லை.

வெள்ளைச் சட்டையில் சாணியோடு உள்ளே போய் உட்கார்ந்தேன். உமா டீ கொண்டுவந்தாள். சட்டையைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"தொழுத்து பிடிச்சுதா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். சாய்வெளிச்சத்தின் மகிமையைப் பற்றிப் பன்னிரண்டு நிமிஷம் பேசினேன். முடித்ததும், "ஆளுகள எடுக்க மாட்டீங்களோ?" என்றாள்.

"ஆளுக அசங்குவாங்க" என்றேன் பெருமையாக. அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மறுநாள் தரகர் போன் செய்தார். "பொண்ணு பாக்க வந்தவன் எல்லைய இல்லியா அளந்துட்டுப் போறான்! இப்பமே இப்படின்னா, கல்யாணம் கழிஞ்சா பத்திரத்தக் கேப்பான்னு பொண்ணோட அப்பா சொல்லுகாரு."

"போயி அந்தத் தொழுத்தயே கெட்டிக்கோல!" என்று அம்மா போனைச் சோபாவில் எறிந்தாள்.

எனக்கு அவமானம் தாங்கவில்லை. நான் மடையன்தான், ஆனால் அடுத்தவர் சொத்துக்கு நாக்கைத் தொங்கப் போடுகிறவன் இல்லை. அதை நிரூபிக்க என் மண்டையில் உதித்த யோசனை, எடுத்ததில் நல்லதாகப் பதினொரு படங்களை உமாவின் அப்பாவுக்கு அனுப்புவது. இவ்வளவு அழகாகப் படமெடுப்பவன் பத்திரத்துக்கு ஆசைப்படுவானா என்று அவர் உருகிவிடுவாராம். ஆகச் சிறந்த படத்தில் ஒரு குறை இருந்தது. வலது ஓரத்தில், வீட்டு ஜன்னலில் யாரோ நின்றார்கள். கண்ணை உறுத்தியது. வெட்டித் தள்ளிவிட்டு அனுப்பினேன்.

அடுத்த நாள் காலையில் புது எண்ணிலிருந்து ஒரு செய்தி. உமா.

"நீங்க வெறும் தொழுத்துப் பைத்தியம், வேற ஒண்ணுமில்லன்னு நேத்து முழுக்க அப்பாட்ட வாதாடி, பாதி சம்மதிக்க வெச்சேன். அப்பத்தான் படம் வந்தது. நீங்க அத எடுக்கும்போ அடுக்களை ஜன்னல்ல நின்னு உங்களப் பாத்து சிரிச்சது நான்தான். என்னய எங்க காணோம்?"

அசல் படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு, நேராக என்னைப் பார்த்து. அழுகை வந்தது. எட்டு மன்னிப்போடு முழுப் படத்தையும் அனுப்பினேன்.

ஒரே வரியில் பதில் வந்தது: "இதுல தொழுத்து சரியா வரலியே."

சாயங்காலம் ஜாதகம் திரும்பி வந்தது.

இப்போது எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். மருமகள் வந்த முதல் வாரமே அம்மா இந்தக் கதையை அபிநயத்தோடு அவளுக்குச் சொல்லிவிட்டாள். விசேஷ வீட்டில் நான் போனைத் தூக்கினால் இன்றைக்கும் சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் "ஓரத்துல நிக்காதீங்கப்பா, வெட்டிருவான்!" என்று நடுவில் வந்து இடித்துக்கொள்கிறார்கள். என் மனைவி மட்டும் வேண்டுமென்றே ஓரமாகப் போய் நிற்பாள். எடுத்து முடித்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து போனைப் பிடுங்கி, பெரிதாக்கிப் பார்த்து, "ம், இருக்கேன்" என்பாள்.