வெள்ளை வேட்டி கேண்டிடேட்

இந்த வருடம் எங்கள் தோட்டத்து அம்மன் கோயில் கமிட்டிக்குத் தலைவராகியே தீருவது என்று முடிவுகட்டினேன். எங்களுடையது இலங்கையில் கரவனெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டம். நான் அதன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் மாஸ்டர். தோட்டத்தில் விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பது என் கருத்து. என் மனைவி பரிமளத்துக்கு மாற்றுக் கருத்து உண்டு.

"ஏங்க, இந்த வாட்டி பொம்பளைங்களும் பேரு குடுக்கலாமாமே?"

"குடுக்கலாம். கேண்டிடேட்னா என்னன்னு தெரியுமா?"

"ஓட்டுக்கு அலையிறவங்க."

"வெள்ளை உடுத்தினவன்! ரோமாபுரியில பதவி கேட்டு நின்னவங்க அங்கியில சுண்ணாம்பு பூசி வெள்ளையாக்கி உடுத்தினாங்க. அதுலருந்து வந்த சொல்லு. நீ வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு நிப்பியா?"

"வேணாங்க. நீங்க நல்லாயிருக்கணும்."

இந்த ஞானத்தை வீட்டோடு வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய், வெள்ளை உடுத்தாதவன் கேண்டிடேட்டே இல்லை என்று சொல்லி வைத்தேன். போட்டிக்கு இருந்த யோகராஜ், தன் வேட்டியெல்லாம் ரப்பர் பால் கறை என்று ஒதுங்கிக்கொண்டான். வெற்றி என் இடுப்பில் இருந்தது.

தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தன்று அடைமழை. பால் வெட்டு இல்லாததால் தோட்டமே கோயிலில் கூடிவிட்டது. பரிமளம் துவைத்துப் போட்ட என் ஒரே வெள்ளை வேட்டியோ சொட்டச் சொட்டத் தொங்கியது.

"என்னடி இது?"

"ரப்பர் ஷீட் காயவைக்கிற புகையறை இருக்குல்ல? கொஞ்ச நேரம் தொங்கவிட்டா மொறுமொறுன்னு காஞ்சிரும்."

பதற்றத்தில் மூளை வேலை செய்யவில்லை. தொங்கவிட்டேன். காய்ந்தது. ரப்பர் ஷீட் வெளியே வரும் அதே கரும்பழுப்பு நிறத்தில், அதே நாற்றத்தோடு வந்தது.

"இதக் கட்டிக்கிட்டு எப்படிடி போவேன்? நானே ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே!"

"நீங்க இருங்க. நான் போயி கூட்டத்தத் தள்ளி வைக்கச் சொல்றேன்."

என்ன நல்ல மனசு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் ஊதாச் சேலையில் குடை பிடித்துப் போனாள். திரும்பும்போது கழுத்தில் மாலை. எனக்கென்று கட்டி வைத்திருந்த மாலை.

"பரிமளம்! ஊதாச் சேலையில கேண்டிடேட்டா நின்னியா?"

"ச்சே! உங்க பேச்ச மீறுவேனா? நான் நிக்கவே இல்லங்க. வெள்ளையில ஒருத்தரும் வரல, அதனால கேண்டிடேட்டே கெடையாதுன்னு மட்டுந்தான் எந்திரிச்சுச் சொன்னேன். இவ்வளவு வெவரம் தெரிஞ்சவளே தலைவியா இருக்கட்டும்னுட்டாங்க."