அறுபத்திரண்டு ரப்பர் டாங்கிகளும் ஒரு வல்லரசும்

ஸ்தெப்னோயே முகாம்,
9 அக்டோபர் 1984.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மாமா, ஓய்வுபெற்ற டாங்கிப் படைக் கர்னல் புரோகர் ஸவேலியெவிச் அவர்களின் சமூகத்திற்கு மருமகன் அர்க்காதி பெரெதோவ் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பூனையும் அறுபத்திரண்டு டாங்கிகளும் சௌக்கியம். அங்கே தங்கள் முழங்கால் வலி, அத்தையின் ரத்த அழுத்தம், ரிம்மாவின் கோபம் ஆகிய மூன்றும் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். தபாலைப் பிரித்துப் படிக்கிறவர்கள் இருப்பதால் இந்தக் கடிதத்தை எங்கள் ஸ்டோர் அதிகாரி தூத்கின், விடுப்பில் ஊருக்குப் போகிற வழியில், நேரிலேயே கொண்டுவந்து தருவார். அவருக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுங்கள். இரண்டாவது வேண்டாம், பாட ஆரம்பித்துவிடுவார்.

மாமா, போன மே தினத்தன்று தங்கள் வீட்டு மேஜையில் நடந்ததை நான் மறக்கவில்லை. கோப்பையை உயர்த்திக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பல் வைத்தியர் முதற்கொண்டு எல்லாரும் கேட்கும்படி, "எம் பொண்ண ஒரு டாங்கிக்காரனுக்குக் குடுக்கணும்னு இருந்தேன். கடைசியில பலூன் ஊதுறவனுக்குக் குடுத்துட்டேன்" என்றீர்கள். பல் வைத்தியர் சிரித்தார், அத்தை சிரித்தார், மரியாதைக்காக நானும் சிரித்தேன். ரிம்மா சிரிக்கவில்லை. ஜூன் மாதம் ஜாம் காய்ச்ச இரண்டு வாரம் அம்மா வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று இரண்டு பெட்டிகளோடு கிளம்பினாள். எந்தப் பழத்துக்கும் நான்கு மாதம் ஜாம் காய்ச்சுவதில்லை என்பது எனக்கும் தெரியும். நான் எழுதிய ஏழு கடிதங்களுக்கும் சேர்த்து அவளிடமிருந்து ஒரே ஒரு வரி பதில் வந்தது: "உங்க டாங்கி என்னிக்கு உண்மையா ஒரு சத்தம் போடுதோ, அன்னிக்கு வரேன்." மாமா, சத்தம் போட்டுவிட்டது. வாஷிங்டன் வரைக்கும் கேட்டது. அதைச் சொல்லி அவளைத் திரும்ப அழைத்துக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

என் வேலையைத் தாங்கள் பலூன் ஊதுவது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது போர்க்கலை. பலம் என்பது நம்மிடம் இருப்பது அல்ல, எதிராளி எண்ணிப் பார்த்துக் குறித்துக்கொள்வது. தினமும் காலையில் காற்றடிக்கிற கம்ப்ரஸரைப் போட்டு அறுபத்திரண்டு ரப்பர் டாங்கிகளையும் நிமிர்த்துவோம், அமெரிக்காவின் உளவுச் செயற்கைக்கோள் தலைக்கு மேல் போய் முடிந்ததும் காற்றைப் பிடுங்கி மடித்து வைப்போம். அது வருகிற நேரம் முத்திரை வைத்த உறையில் மேலிடத்திலிருந்து எனக்கு மட்டும் வரும், ஆனால் ரொட்டிக்கடை வரிசையில் அது எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். டாங்கிக்கு மூன்று பேர் வீதம் நூற்றெண்பத்தாறு பேர் வேண்டும், என்னிடம் இருப்பதோ முப்பத்தெட்டுப் பேர். வானத்திலிருந்து பார்க்கிறவன் கொடியில் காய்கிற உள்ளாடையை எண்ணினால் குட்டு வெளிப்பட்டுவிடும் அல்லவா, ஆகவே பக்கத்துக் கூட்டுப்பண்ணையிலிருந்து உள்ளாடைகளை இரவல் வாங்கி நூற்றெண்பத்தாறையும் காயப்போட ஏற்பாடு செய்தேன். "ஏ மாவ்ரா, உன் வீட்டுக்காரரோட கால்சட்டையக் கொண்டா, அமெரிக்காக்காரன் வர்ற நேரமாச்சு" என்று ஒருத்தி கூப்பிடுவாள். "அவன் என்ன நம்ம பஸ்ஸா, சொன்ன நேரத்துக்குக் கரெக்டா வந்துருவான் பாவம்" என்று மாவ்ரா பதில் சொல்லுவாள். இப்படி ஒரு ஊரே நாட்டின் பாதுகாப்பில் பங்கெடுப்பதைத் தாங்கள் போர்க்காலத்திலும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அப்புறம் தடம். டாங்கி நிற்கிறது, தரையில் தடம் இல்லை என்றால் அது வானத்திலிருந்து விழுந்ததா என்று கேட்பார்கள். தடம் போடச் சங்கிலி டிராக்டர் வேண்டும், டிராக்டர் கூட்டுப்பண்ணைத் தலைவி அக்ராஃபெனா தீஹனோவ்னாவிடம் இருக்கிறது. போய்க் கேட்டேன். "ஏன்யா மேஜர், ஊதின பொம்மைக்குக் கால்தடம் போட என் டிராக்டரா? உருளைக்கிழங்கு மண்ணுல கெடக்கு, தோண்ட ஆள் இல்ல. உன் படையை அனுப்பு, டிராக்டர எடுத்துக்க" என்றார். அனுப்பினேன். ஆகவே செப்டம்பர் பதினெட்டாம் தேதி காலை பதினொன்றே முக்காலுக்குச் செயற்கைக்கோள் வரவேண்டிய நேரத்தில் என் படை முழுவதும் கிழங்குக் கொல்லையில் இருந்தது, டாங்கிகளைக் கட்டுகிற முளைக்குச்சிகளும் கிழங்கு தோண்டப் போயிருந்தன, முகாமில் நானும் தூத்கினும் மட்டும் நின்றோம். அப்போது காற்று கிளம்பியது.

ஸ்தெப்பிப் புல்வெளிக் காற்று தங்களுக்குத் தெரியாததா. முன்வரிசையில் நின்ற மூன்றாவது கம்பெனிப் பிரிவு லேசாக அசைந்தது, எழுந்தது, ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பதினோரு டாங்கிகள் மிக அழகாக அணிவகுத்து ஆற்றைப் பார்த்துப் போயின. நான் ஓடினேன், பீரங்கிக் குழலைப் பிடித்துத் தொங்கினேன், அது என்னையும் தூக்கிக்கொண்டு பத்தடி போய்ச் சேற்றில் போட்டுவிட்டு மேலே போனது. தூத்கின் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து சல்யூட் அடித்தார். "தோழர் மேஜர், மூணாவது கம்பெனி ஆத்தத் தாண்டிருச்சு." "எத்தனை நிமிஷம்?" என்று கேட்டேன், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல். "மூணு. ஒண்ணு மாத்திரம் மாட்டுக்கொட்டகை மேல ஒக்காந்துருக்கு." "அமெரிக்காக்காரன்?" "அவன் சரியா வந்தான், சரியா பாத்தான், போயிட்டான்." நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து விட்டேன் மாமா. வேலை போயிற்று, ரிம்மாவும் போனாள் என்று அழுதேன், அதைத் தங்களிடம் சொல்ல வெட்கமில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து ஜெனரல் ஸுபரேவ் காரில் வந்து இறங்கினார். கையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை. என்னைத் தனியே அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "பெரெதோவ், பாலமே இல்லாம மூணு நிமிஷத்துல ஆறு தாண்டுற டாங்கி உங்கிட்ட இருக்காமே?" "ஐயா, அது ரப்பர்." "எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அவங்களுக்குத் தெரியாது. இது புது மாடல்னு எழுதியிருக்கான், இதுக்குப் பதில் சொல்ல அவங்க புதுசா ஒரு ஆயுதமே செய்யப்போறாங்களாம்." "ஐயா, மேலிடத்துக்கு?" என்றேன். ஜெனரல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாம அனுப்புற அறிக்கைய மேலிடம் என்னிக்குய்யா நம்புச்சு? வெளிநாட்டுக்காரன் எழுதினதப் படிச்சாங்க, நம்பிட்டாங்க. உன் படை ரப்பர்னு சொல்ற கோப்பு ஒண்ணு இருக்கு. அது எவ்வளவு ரகசியம்னா, அதத் திறந்து பாக்க அனுமதி உள்ள ரெண்டு பேருமே ரிடையர் ஆயிட்டாங்க."

இப்போது தாங்களே சொல்லுங்கள். அக்ராஃபெனாவின் பசுமாட்டுக்குக்கூடத் தெரிந்த விஷயம், உலகத்தில் இரண்டே இரண்டு தலைநகரங்களுக்குத்தான் தெரியாது. அவற்றில் ஒன்று நம்முடையதாக இருப்பது என் வெற்றியின் அளவைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை. நடைமுறையில் நடந்ததையும் கேளுங்கள். அறுபத்திரண்டு டாங்கிகளுக்கும் குளிர்காலம் முழுவதற்கும் டீசல் வந்து இறங்கியது. கம்ப்ரஸருக்கு ஒரு பீப்பாய் போதும், மிச்சத்தை என்ன செய்ய? கூட்டுப்பண்ணை டிராக்டர்களுக்கு ஊற்றினோம், மாவட்டத்திலேயே முதலில் உழுது முடித்தவர் அக்ராஃபெனாதான், அவருக்கு மேலிடத்துப் பாராட்டுக் கொடி கிடைத்தது. உள்ளே கம்பளி வைத்த டாங்கித் தலைக்கவசம் நூற்றெண்பத்தாறு வந்தது. பால் கறக்கிற பெண்கள் இந்தக் குளிரில் அதைத்தான் மாட்டிக்கொண்டு கறக்கிறார்கள், காதுக்கு அவ்வளவு இதமாக இருக்கிறதாம். அமெரிக்கா என் ரப்பருக்கு எதிராக நிஜ ஆயுதம் செய்கிறது, அதற்குப் பதிலாக நம்மவர்கள் எனக்கு இன்னும் அறுபது டாங்கிகளுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். அவற்றைத் தைக்கச் சொல்லியாயிற்று. தாங்கள் நான்கு வருடம் நிஜ டாங்கியில் உட்கார்ந்து பெர்லின் வரை போனீர்கள், அது பெரிய காரியம்தான். நான் எழுந்து நிற்காமலே ஒரு வல்லரசின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறேன்.

முந்தாநாள் அணிவகுப்பில் எனக்கு லெப்டினன்ட் கர்னல் நட்சத்திரத்தைக் குத்தினார்கள். நகரத்தில் இரண்டு அறை, தனிக் குளியலறை, வெந்நீர்க் குழாய் உள்ள வீடு ஒதுக்கியாயிற்று, சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் டிராம் தெரியும். ரிம்மா எட்டு வருஷமாகக் கேட்டது அந்த டிராமைத்தான். ஆகவே மாமா, தயவுசெய்து அவளைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், படித்துவிட்டு அந்தப் பல் வைத்தியரையும் ஒரு நடை கூப்பிட்டுச் சொல்லுங்கள், வருகிற சனிக்கிழமை ரயிலில் அவளை இரண்டு பெட்டிகளோடும் ஏற்றிவிடுங்கள். ஜாம் இருந்தால் அதையும். அவள் இல்லாத வீட்டில் எனக்குக் கஞ்சி இறங்கவில்லை.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் முழங்கால் தேறி, தாங்கள் நூறாண்டு நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, தங்கள் ஆசியால் உயர்ந்து நிற்கும்,

மருமகன்,
லெப்டினன்ட் கர்னல் அர்க்காதி லூக்கிச் பெரெதோவ்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தந்தி வந்தது. இருபத்தைந்தாம் தேதி வோல்கா கரையில் பெரிய ஒத்திகையாம். மேலிடம் முழுவதும் மேடையில் உட்காருமாம், அமெரிக்கப் பார்வையாளர் நான்கு பேருக்கும் அழைப்புப் போயிருக்கிறதாம். என் படை பாலம் இல்லாமல் மூன்று நிமிடத்தில் வோல்காவைத் தாண்ட வேண்டும். ஜெனரலிடம் பேசத் தொலைபேசிக்கு ஓடினேன், அவர் நேற்றிரவே நெஞ்சுவலி என்று மருத்துவமனையில் சேர்ந்துவிட்டாராம். எனவே ரிம்மாவை இப்போது அனுப்ப வேண்டாம். டிராமைப் பற்றியும் அவளிடம் சொல்ல வேண்டாம். ஆனால் தாங்கள் வந்தே ஆக வேண்டும். ஏனென்றால் நட்சத்திரம் குத்திய அன்று, ஆறு தாண்டும் கலையை யாரிடம் கற்றாய் என்று கேட்டார்கள், இரண்டு கோப்பை உள்ளே போயிருந்தது, பெருமை தாங்காமல் நாற்பத்து மூன்றில், போரில், த்நீப்பர் ஆற்றைத் தாண்டிய என் மாமாவிடம் என்று சொல்லிவிட்டேன். முதல் டாங்கியின் மேல், எனக்குப் பக்கத்தில், கௌரவ விருந்தினராகத் தாங்கள் உட்காருவதாகத் தந்தியிலேயே போட்டிருக்கிறது. எடை குறைவான உடுப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். பதக்கங்களை மட்டும் நெஞ்சில் குத்திக்கொண்டு வர வேண்டாம் மாமா, ஒவ்வொன்றின் பின்னாலும் ஊசி இருக்கிறது.