விற்ற புகையுடன் கதைத்தவர்

இல்லாத புகைக்கு மரியாதை கொடுத்த மனிதர் சுவிஸ் நாட்டிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் புகையண்ணை.

ஊஸ்டருக்குப் பக்கத்தில், ஒரு சிற்றூர் முழுவதற்கும் சுடுநீர்க் குழாய்கள் வழியே வெப்பம் அனுப்பும் சிறிய நிறுவனம் எங்களுடையது. கொதிகலன்களை அவர் பார்த்தார், அலுவலகத்தை நான். எண்ணெயை விட்டு மரச்சில்லு எரித்ததால், வெளியேறாமல் போன கரிப்புகைக்கு எங்களுக்குச் சான்றிதழ் கிடைத்தது. அதைப் புகை கக்கும் ஆலைகளுக்கு விற்றுத்தான் பிழைத்தோம். விற்க முடியாமல் போனால் ஏதாவது பெரிய நிறுவனம் எங்களை விழுங்கிவிடும்.

"வராத புகையை வித்துப்போட்டீரோ தம்பி? அப்ப அது இப்ப எங்கை இருக்குது?"

பதிலையும் அவரே கண்டுபிடித்தார். அணைத்து வைத்த பழைய எண்ணெய்க் கொதிகலனுக்குள்! அன்றுமுதல் அதைக் கடக்கும்போது சப்பாத்தைக் கழற்றினார். தேநீர் வேளையில் அதற்கும் ஒரு கோப்பை வைத்தார். கோப்பை எப்படியோ வெறுமையாகிவிடும்.

"நீங்கள்தானே குடிக்கிறியள் அண்ணை?"

"எனக்குச் சீனி வருத்தம். புகைக்கெண்டுதான் சீனி போட்டனான்."

சான்றிதழுக்காகச் சோதிக்க வந்த சுவிஸ் பெண்மணியிடம் உதட்டில் விரல் வைத்து, அது உறங்குவதாகச் சைகை காட்டினார். அந்த நேரம் பார்த்து, குளிர்ந்த இரும்புக்குள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல் சத்தம் கேட்டது. மீதிச் சோதனையை அந்த அம்மா வாசலில் நின்றே முடித்தார். நான் சிரித்தேன். ஆனால் பிறகு அங்கே தனியாகப் போகவில்லை.

ஒரு தை மாதம் மரச்சில்லு உறைந்து, அதை அடுப்புக்குள் தள்ளும் இயந்திரம் இறுகிவிட்டது. வீடுகளுக்குப் பாதிச் சூடுதான் போனது.

"எண்ணெயை மூட்டுவமோ தம்பி? சனம் விறைக்குது."

"வேண்டாம் அண்ணை. மூட்டினால் இந்த வருசம் விக்கிறதுக்கு ஒண்டும் மிஞ்சாது."

மறுநாள் காலை, குழாயின் கடைசி வீடு மட்டும் வெப்பமே எடுக்கவில்லை என்று அலுவலகத் திரை காட்டியது. அது புகையண்ணையின் வீடு. ஓடினேன். யன்னல் உட்பக்கமாக உறைந்திருந்தது. இரண்டு கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு, எதிரே இருந்த வெறுங்கதிரையோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் வால்வைப் பூட்டினனீங்கள்?"

"மற்ற வீடுகளிலை குழந்தையள் இருக்கினம். நான் தனி ஆள்தானே. மெல்லக் கதையும், இவர் இப்பதான் வந்தவர்."

அவருடைய மூச்சு வெண்ணிற ஆவியாகத் தெரிந்தது. எதிர்க்கதிரைக்கு மேலும் மெல்லிய ஆவியொன்று நின்றது.

ஒரு வீட்டின் சூடு ஊருக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். அவரை வெளியே இழுத்துவந்து, எண்ணெயை மூட்டியிருக்க வேண்டும். நான் கேட்டதோ, "பின்னேரம் மெசின் ஓடிவிடும். அதுவரைக்கும் சமாளிப்பியளோ அண்ணை?"

"ஓம், நீர் போம்."

பின்னேரம் இயந்திரம் ஓடியது. அவரை அம்புலன்ஸ் ஏற்றிப்போனது. அந்த வருடப் புகையை நல்ல விலைக்கு விற்றோம். நிறுவனம் பிழைத்தது. புகையண்ணை பிழைக்கவில்லை.

அவர் வீட்டு வால்வை நானே போய்த் திறந்தேன். வேறு யாரும் குடிவரும்வரை, ஆளில்லாத அந்த வீட்டில் சூடு குறையவிடவில்லை. அண்ணை குளிர் தாங்கமாட்டார்.