பொட்டலைக் காத்த வாய்தா

ஒரு காட்டில், மரங்களுக்குப் போக மிச்சமாக, மரமே இல்லாத ஓர் இடமும் இருந்தது. புல்லும் கூழாங்கல்லும் வெயிலுமாகப் பத்து ஏக்கர் பொட்டல். அங்கே கல்லழகி என்றொரு ஆள்காட்டிக் குருவி குடியிருந்தது. அதற்குக் கூடு கட்டத் தெரியாது, தேவையும் இல்லை. கல்லோடு கல்லாக நாலு முட்டை இடும், மேலே உட்காரும், யாராவது அந்தப் பக்கம் வந்தால் காடே எழுந்துகொள்ளும் அளவுக்குக் கத்தும்.

ஒருநாள் நரி வந்தது. நாலு மூலையிலும் கல் நட்டு, 'நரியார் நகர், மனைகள் விற்பனைக்கு' என்று பலகை வைத்தது. கல்லழகி கத்திய கத்தலில் காடு கூடிவிட்டது. மயில் தலைமையில் 'பொட்டல் காப்போம் தன்னார்வக் குழு' அன்றே பிறந்தது. கையில் வாட்ஸப், தலையில் பச்சைத் தொப்பி, வாயில் கோஷம். நரி பலகையைப் பிடுங்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தது. கல்லழகிக்குச் சால்வை போர்த்தினார்கள். சால்வைக்குள் கல்லழகி இருப்பதே தெரியவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதைதான். ஆனால் குழு கலையவில்லை. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை பொட்டலுக்கு ஏதாவது செய்தே தீருவது என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள்.

முதல் ஞாயிறு குப்பை பொறுக்கினார்கள். கல்லழகி மனதார வாழ்த்தியது. இரண்டாம் ஞாயிறு பொறுக்கக் குப்பை இல்லை, அதனால் கல்லைப் பொறுக்கினார்கள். மூன்றாம் ஞாயிறு இருநூறு மரக்கன்று நட்டார்கள். திரும்பிய பக்கமெல்லாம் மரமாக நிற்கும் காட்டில், மரம் இல்லாத ஒரே இடத்தைத் தேடிப்பிடித்து மரம் வளர்க்கிறோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பொறுக்கிய கல் போதாமல் அன்றும் கொஞ்சம் பொறுக்கி, கன்றுகளைச் சுற்றி வட்டமாக அடுக்கிச் சுண்ணாம்பும் அடித்துவிட்டுப் போனார்கள்.

இரை தேடிப் போய்த் திரும்பிய கல்லழகி, முட்டைகளைக் காணாமல் பொட்டல் முழுக்க ஓடியது. கடைசியில் பதினேழாவது கன்றைச் சுற்றியிருந்த வட்டத்தில் நாலையும் கண்டுபிடித்தது. பளிச்சென்று வெள்ளையடித்திருந்தார்கள். அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. எத்தனை நாள் உட்கார்ந்தும் ஒன்றுகூடப் பொரியவில்லை. கத்துவதற்கென்றே பிறந்த பறவை, சத்தமில்லாமல் அழுதது.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றது.

"தலைவரே, அந்த எடத்தக் கொஞ்சம் சும்மா விட்டுடுங்களேன்."

மயிலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சும்மா விட்டா, குழு என்னத்தக் கிழிச்சுதுன்னு நாளைக்கு நாலு பேர் கேக்க மாட்டாங்களா?"

"என் முட்டைக்கு வெள்ளையடிச்சிட்டீங்க, தலைவரே."

"தெரியாம நடந்துபோச்சும்மா. அந்தக் கன்னுக்கு உன் பேரையே வச்சிடுவோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து நடைபாதை, அதற்கடுத்து சிமெண்ட் பெஞ்சு, முடிவில் ஒரு வரவேற்பு வளைவு என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நரியாவது பலகையோடு நிறுத்தியது.

கல்லழகி நேராக வக்கீல் முள்ளம்பன்றியிடம் போனது. நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்ட முள்ளம்பன்றி, "நல்லது செய்யறவங்க மேல வழக்கு போட முடியாது. சட்டத்துல எடமில்ல" என்றது. "ஆனா நெலத்தகராறு போடலாம். அது உன் பாட்டன் சொத்துன்னு சொல்லு."

"அது பொய்யாச்சே, ஐயா."

"உன் பாட்டன் எங்க பொறந்தாரு?"

"அங்கதான்."

"அப்புறம் என்ன பொய்யி?" முள்ளம்பன்றி முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி எழுத ஆரம்பித்தது. "எதிர்க்கட்சிக்கு நரியச் சேத்துக்குவோம். நெலம்னா அது வராம இருக்காது."

நரி வந்தது. தன் தகப்பனார் ஊளையிட்ட பூமி அது என்று சத்தியம் செய்தது. நீதிபதி ஆமை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மறு உத்தரவு வரும்வரை அங்கே யாரும் ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது என்று ஸ்டே கொடுத்தது. அந்த ஒரு வரியைக் கேட்டதும் கல்லழகிக்கு ஆமையின் ஓட்டைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

குழு கொதித்துப்போனது. 'நில அபகரிப்பு ஆள்காட்டியே, வெளியேறு!' என்று மரத்துக்கு மரம் போஸ்டர். சால்வையைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லைக்கு வெளியே உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். உள்ளே தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் கன்றுகள் காய்ந்தன. மழையில் சுண்ணாம்பு கரைந்தது. புல் திரும்பி வந்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், இங்கே ஆள்காட்டிக்கு. அடுத்த பருவத்தில் மறுபடியும் நாலு முட்டை இட்டது.

பொரிக்கப் பத்து நாள் இருக்கும்போது முள்ளம்பன்றி மூச்சிரைக்க ஓடி வந்தது.

"மோசம் போச்சு, கல்லழகி! நரி திருந்திடுச்சு!"

"என்னது?"

"குழுவுல சேந்துட்டுது. உரிமையை விட்டுத்தரேன்னு நாளைக்கு ஆமை ஐயாகிட்ட எழுதிக் கொடுக்கப்போகுது. அதுக்கு ஒரு பாராட்டு விழா வேற. நரி வெலகிட்டா ஐயா உன் பத்திரத்த மட்டும்தான் பாப்பாரு. இருக்கா?"

"ஏது ஐயா பத்திரம்?"

"அப்ப வழக்கு தள்ளுபடி. ஸ்டேயும் போச்சு. சுண்ணாம்புச் சட்டியோட மயில் தயாரா நிக்குது."

கல்லழகி ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. நரியின் குகைக்குப் பறந்தது. முட்டை என்ற வார்த்தை மட்டும் வாயில் வந்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனது. திருந்திய நரிக்கும் வயிறு பழைய வயிறுதானே.

நரி பச்சைத் தொப்பியோடு கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தது.

"அண்ணே, கேஸை விட்டுடாதீங்க."

"தங்கச்சி, எனக்கு இப்ப நெலம் நீச்சு மேலெல்லாம் ஆசையில்ல. நானே ஆசையா நாலு வேப்பங்கன்னு வாங்கி வச்சிருக்கேன்."

"நல்லதுண்ணே. உங்களுக்காகப் பாத்தேன். நரிக்குப் பல்லு போச்சு, ஒரு குருவிக்குப் பயந்து கேஸையே விட்டுட்டு ஓடுதுன்னு காடெல்லாம் பேசிக்கிறாங்க. மயிலே சொல்லிச் சிரிச்சுதாம். உங்கப்பா அங்க ஊளையிட்டதெல்லாம் கட்டுக்கதையாமே?"

நரியின் காது விறைத்தது. "யாருக்குப் பல்லு போச்சு? எங்கப்பன் ஊளைய எவன்டா பொய்யின்னது?"

"எனக்கென்ன தெரியும், கேட்டதச் சொன்னேன்" என்றது கல்லழகி. இவ்வளவு சுலபமாகப் பொய் வருகிறதே என்று அதற்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

மறுநாள் பாராட்டு விழா மேடையில் மயில் மாலையோடு காத்திருந்தது. நரியோ நீதிமன்றத்தில் நின்று, உயிரே போனாலும் ஒரு சாண் விடமாட்டேன் என்று உறுமியது. சாட்சி திரட்ட வாய்தா கேட்டது. கல்லழகி ஆட்சேபிக்கவில்லை என்பதை வியப்போடு குறித்துக்கொண்டு, ஆமை வழக்கை மழைக்காலத்துக்கு அப்பால் தள்ளிவைத்தது. ஆமைக்கு அவசரம் எப்போதும் கிடையாது, அந்த நல்ல மனசு நீடூழி வாழட்டும்.

பதினோராம் நாள் நாலு முட்டையும் பொரிந்தன. ஈரம் உலர்வதற்குள் குஞ்சுகள் எழுந்து புல்லுக்குள் ஓடின. கல்லழகி ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து ஒரு கத்துக் கத்தியது. எல்லைக்கு வெளியே உண்ணாவிரதப் பந்தல் அதிர்ந்தது.

அன்று மாலையே முள்ளம்பன்றி வந்து புதிதாக ஒரு முள்ளைப் பிடுங்கியது. நாலு குஞ்சுகளும் சட்டப்பூர்வ வாரிசுகளாக வழக்கில் சேர்க்கப்பட்டன. இனி இரண்டு தலைமுறைக்குக் கவலையில்லை.

நீதி: வெற்று நிலம் வெற்று நிலமாகவே இருக்க வேண்டுமானால், அதை நல்லவர்கள் கையில் கொடுக்காதே. நரியோடு வழக்கில் போட்டு வை. நரி திருந்திவிடாமலும், தீர்ப்பு வந்துவிடாமலும் பார்த்துக்கொள்.