வெங்காயத்துக்கு ஒரு கையெழுத்து

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசித்து முடித்துவிட்டு "பாவம், நல்ல மனிசி" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கனடாவில் இருக்கும் என் மகளுக்குப் போன கிழமை தொலைபேசியில் ஒரே சலிப்பு. வங்கிக்காரர் அவள் கேட்காமலே இன்னொரு கடன் அட்டை அனுப்பியிருக்கிறார்களாம். ஏற்கெனவே இரண்டு இருக்கிறதாம், பேர்சில் வைக்க இடமில்லையாம். "மாப்பிள்ளையின்ரை கையெழுத்துக் கேட்டவையோ?" என்று கேட்டேன். "என்ரை கார்ட்டுக்கு அவர் ஏன் அம்மா கையெழுத்து வைக்கவேணும்?" என்றாள். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அவளோடு கோபமில்லை. எனக்குக் கோபம் எழுபதுகளில் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு வங்கி மேசையில் இருந்த மின்விசிறியோடு. அது மனேஜர் பக்கம் மட்டுமே திரும்பியிருந்தது.

வெளிநாட்டிலிருந்து வெங்காயமும் மிளகாயும் வருவதை அரசாங்கம் நிறுத்தியிருந்த காலம் அது. எங்கள் ஊர் உரும்பிராயின் செம்பாட்டு மண்ணில் எதை நட்டாலும் காசு என்று ஆகிவிட்டது. (நட்டவர்களுக்குக் காசு, பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு வயிற்றெரிச்சல்.) எனக்கு அங்கே வீட்டோடும் கிணற்றோடும் ஒரு தோட்டக் காணி இருந்தது. என் அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தது. என் கணவருக்கோ ஒரு பூவரசங்கட்டை நடவும் சொந்த நிலம் கிடையாது. அவருடைய வீட்டுக் காணியெல்லாம் தங்கைமாரோடு போய்விட்டது. அவர் ஒரு பெட்டியோடும் சைக்கிளோடும் என் வீட்டுக்கு வந்தவர். இதைக் குறையாகச் சொல்லவில்லை, எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைமார் அப்படித்தான் வருவார்கள். ஆனால் யாருடைய காணி என்பது இந்தக் கதைக்கு முக்கியம்.

இவருக்குக் கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், எழுத்து வேலை. ஊரில் கிளாக்கர் என்றால் இவர்தான். தோட்டம் முழுக்க என் பொறுப்பு. ஒரு நாள் இவருடைய கந்தோர் நண்பர்கள் இரண்டுபேர் வந்திருந்த நேரம் நான் மண்ணும் சேறுமாகத் தோட்டத்திலிருந்து வந்துவிட்டேன். இவருக்கு வெட்கம். "அது இவவின்ரை ஒரு விளையாட்டு" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே, "இவரின்ரை சம்பளம் மாசம் முடியமுதலே முடிஞ்சிடும். மிச்ச நாளுக்கு இவர் சாப்பிடுறது உந்த விளையாட்டைத்தான்" என்றேன். வந்தவர்கள் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் கதைபேச்சு இல்லை.

கதைபேச்சு இல்லையென்றால் வீட்டில் சத்தம் இல்லை என்று அர்த்தமில்லை. அவர் தனக்குத் தேவையானதை ரேடியோவிடம் சொல்வார். "தேத்தண்ணி இருந்தால் ஒரு வாய் குடிக்கலாம்" என்று அது செய்தி வாசிக்கும்போது அதன் முகத்தைப் பார்த்துச் சொல்வார். நான் பூனையிடம் சொல்வேன். "அடுப்பங்கரையிலை ஊத்தி மூடி வைச்சிருக்கு, கண் இருக்கிறவை எடுத்துக் குடிக்கலாம்" என்பேன். பூனை இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடும். வீட்டிலேயே புத்தியுள்ள சீவன் அதுதான்.

இந்த லட்சணத்தில்தான் எனக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின் தேவைப்பட்டது. அதுவரை கிணற்றடியில் நெடிய துலாமரம்தான். துலாவின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் தண்ணீர்ப் பட்டையைப் பிடித்து ஊற்ற, இன்னொருவர் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறவேண்டும். வழக்கமாக வந்த ஆட்கள் குத்தகைக்குக் காணி எடுத்துத் தாங்களே வெங்காயம் நடப் போய்விட்டார்கள். (நானாக இருந்தாலும் போயிருப்பேன்.) மண்ணுக்குள் என் வெங்காயம் முளைவிட்டு நிற்கிறது. தண்ணீர் இல்லாவிட்டால் அந்த வருஷம் தொலைந்தது. மெசின் வாங்க வங்கியில் கடன் கொடுக்கிறார்கள், காணி உறுதிப் பத்திரம் இருந்தால் போதும் என்று சந்தையில் கேள்விப்பட்டேன். எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? காணி என்னுடையது, உறுதி என் பெயரில், வெங்காயம் என்னுடையது.

அங்கேதான் நான் வாழ்க்கையின் மிகப் பெரிய மடைத்தனத்தைச் செய்தேன். வங்கிக்குப் போவதற்கு முதல் நாளே ஆள் பிடித்துத் துலாவைக் கழற்றி இறக்கினேன். அவசரம் ஒன்றுமில்லை. இவர் கந்தோரால் வரும்போது துலா இல்லாத கிணற்றைப் பார்த்து வாயடைத்து நிற்கவேண்டும் என்பது மட்டுமே என் நோக்கம். பக்கத்து வளவுச் செல்லத்துரையண்ணை கொட்டில் போட மரம் தேடிக்கொண்டு திரிந்தார். அவருக்கே கொடுத்துவிட்டேன். இவர் வந்தார், கிணற்றைப் பார்த்தார், உள்ளே போய் ரேடியோவைத் திருகினார். பிறகு அதனிடம், "சில பேருக்கு மூளை குதிக்காலிலை" என்றார்.

அடுத்த நாள் கூறைச்சேலையை உடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆம், கூறைச்சேலை. வெயில் கொளுத்துகிறது, பலாலி வீதி பஸ் எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சனத்தை ஏற்றி ஏற்றி நிரம்பி வழிகிறது, நடுவில் நான் ஒரு மணப்பெண் போல உறுதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறேன். காணிக்காரியைக் கண்டதும் மனேஜர் கதிரையை விட்டு எழும்புவார் என்று எண்ணம். மனேஜர் எழும்பவில்லை. ஆனால் மரியாதையாகத்தான் கதைத்தார். உறுதியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காணியில் வில்லங்கம் ஒன்றும் இல்லை, நல்ல கிணறு, நல்ல விளைச்சல், எல்லாம் சரி என்றார். நான் சிரித்தேன். அதற்குப் பிறகுதான், "ஐயா எப்ப வருவார்?" என்று கேட்டார்.

எந்த ஐயா என்று கேட்டேன். என் கணவராம். யாழ்ப்பாணத்தாருக்கென்று இருக்கிற தேசவழமைச் சட்டப்படி, புருஷன் எழுத்தில் சம்மதம் தராமல் பெண்சாதி தன் காணியை ஈடு வைக்க முடியாதாம். அந்த மனிதர் இந்தக் காணியில் ஒரு வெங்காயம்கூட நட்டதில்லை என்றேன். அது பரவாயில்லையாம். அவர் கடன் எடுப்பதானால் என் சம்மதம் தேவையா என்று கேட்டேன். அவருக்குக் காணி இருக்கோ என்று மனேஜர் கேட்டார். இல்லை, சம்பளம் மட்டும்தான் என்றேன். அப்படியானால் தேவையில்லை என்றார்.

"உங்கடை காணிதான் அம்மா, அதிலை ஒரு பிரச்சினையும் இல்லை. அவர் ஓம் எண்டு ஒரு கையெழுத்து வைச்சால் காணும்."

என் வீட்டு நாயை நான் குளிப்பாட்ட ஊரவரிடம் உத்தரவு வாங்கவேண்டும் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு. உறுதியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வெளியே வந்த பிறகுதான் துலா ஞாபகம் வந்தது. பஸ்ஸால் இறங்கி நேரே செல்லத்துரையண்ணை வீட்டுக்கு ஓடினேன். அவர் அதற்குள் மரத்தைப் பிளந்து சலாகையாக்கிக் கொட்டிலின் கூரையில் ஏற்றிவிட்டார். (வேறு நாட்களில் ஒரு ஆணி அடிக்க ஒரு கிழமை எடுக்கிற மனிதர்.)

அன்று பின்னேரம் பூனையைக் கூப்பிட்டு, பாங்கிலே ஆரோ ஒராள் கையெழுத்து வைக்கவேண்டுமாம் என்று சொன்னேன். இவர் ரேடியோவைக் குறைத்தார்.

"கையெழுத்து வேணுமெண்டால் வேணுமெண்ட ஆள் வாயைத் துறந்து கேக்க வேணும்."

நான் கேட்கவில்லை. என்னுடைய சொத்துக்கு நான் இன்னொருவரிடம் கெஞ்சுவதா? வெங்காயம் காய்ந்தாலும் காயட்டும் என்று இருந்தேன். அது உண்மையிலேயே காயத் தொடங்கியது. தாள் நுனி மஞ்சளாகி மடிந்தது. நான் கயிற்றில் வாளி கட்டிக் கையால் இழுத்து ஊற்றினேன். ஒரு பாத்திக்கு ஊற்றி முடிப்பதற்குள் முதல் ஊற்றிய இடம் வெடித்துவிடும். இரண்டு உள்ளங்கையும் உரிந்துபோயிற்று. ஒழுங்கையால் போகிறவர்கள் நின்று, துலா எங்கே என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். செல்லத்துரையண்ணையும் விசாரித்தார். அவரிடம் நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஒருநாள் காலை பூனையின் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு களிம்பு டப்பி இருந்தது. பூனைக்குக் காயம் ஒன்றும் இல்லை. நான் அதை எடுத்துக் கையில் பூசிக்கொண்டேன், ஆனால் கதைக்கவில்லை. மனேஜரிடமே இன்னொரு தடவை சண்டை பிடித்துப் பார்ப்போம் என்று பூனையிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். இந்த முறை சாதாரணச் சேலை. மனேஜரின் அறைக்குள் போனால், இரண்டு கதிரையில் ஒன்றில் இவர் இருக்கிறார். காற்சட்டைக்குச் சைக்கிள் கிளிப்கூடக் கழற்றவில்லை.

நான் மற்றக் கதிரையில் இருந்தேன். நான் மனேஜரைப் பார்த்தேன். அவரும் மனேஜரைப் பார்த்தார். மனேஜர் பாவம், இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார். பூனைக்கு வந்த கதி தனக்கும் வரப்போகிறது என்று அவருக்குத் தெரியாது.

"மனேஜர், மெசின் ஆருக்கு எண்டு இவவிட்டைக் கேளுங்கோ" என்றார் இவர்.

மனேஜர் என் பக்கம் திரும்பி, "மெசின் ஆருக்கு எண்டு ஐயா கேக்கிறார்" என்றார்.

"வெங்காயத்துக்கு எண்டு சொல்லுங்கோ."

"வெங்காயத்துக்காம்" என்றார் மனேஜர்.

மெசின் போட்டு இறைத்துக் கிணறு உவராகிப் போனால் யார் பொறுப்பு என்று இவர் மனேஜர் மூலம் கேட்டார். கிணறு யாருடையது என்று நான் மனேஜர் மூலம் கேட்டேன். மெசின் வர முதலே துலாவைக் கழற்றிய புத்திசாலி யார் என்று இவர் கேட்டார். மனிசியின் உழைப்பை விளையாட்டு என்று சொன்ன புத்திசாலி யார் என்று நான் கேட்டேன். மனேஜருடைய தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி ஆடிக் களைத்துவிட்டது. அறைக் கதவு திறந்தே கிடந்தது. வெளியே காசு எண்ணுகிற சத்தம் நின்றுபோனதை நான் கவனித்தேன். தேத்தண்ணி கொண்டுவந்த பியோன் தட்டோடு வாசலில் நின்றவர் நின்றவர்தான்.

கடைசியில் மனேஜருக்கும் கோபம் வந்துவிட்டது. தான் இந்தக் கதிரைக்கு வந்தது தூது போக அல்ல என்றும், நேரே கதைக்க விருப்பமில்லை என்றால் இரண்டு பேரும் எழும்பலாம் என்றும் சொன்னார். இவர் மெதுவாக, "எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். இவ என்னைப் பார்த்து ஒருக்கால் கேட்டால் காணும் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அப்படியே அவர் பக்கம் திரும்பினேன்.

"என்ரை அம்மா எனக்கெண்டு எழுதின காணி. அதுக்குள்ளை விழுந்து எழும்பிறது நான். உங்களிட்டை நான் ஏன் கேக்கவேணும்? கேக்கமாட்டன். வைக்கிறதெண்டால் வையுங்கோ, இல்லாட்டி அவ்வளவு வெங்காயமும் செத்துப் போகட்டும்."

இவர் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு மனேஜரிடம் கையை நீட்டினார்.

"கதைச்சிட்டா. பேனையைத் தாங்கோ."

கையெழுத்து வைத்தார். வாசலில் நின்ற பியோன்தான் முதலில் சிரித்தார், பிறகு காசாளர், பிறகு மனேஜர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்கமாட்டேன் என்று கத்தியே நான் தோற்றுப்போயிருந்தேன். வெளியே வந்ததும், "சைக்கிளிலை ஏறுமன், கொண்டுபோய் விடுறன்" என்றார். நான் பஸ்ஸில்தான் போனேன். போய்ச் சேர அவர் தேத்தண்ணி போட்டு வைத்திருந்தார். சீனி போட மறந்துவிட்டார். அதற்கும் ஒரு சண்டை பிடித்தேன், இந்த முறை நேருக்கு நேர்.

மெசின் வந்தது. பாதி வெங்காயம் தப்பியது. ஆனால் என் கோபத்துக்கு ஓய்வு கிடைக்கவில்லை. காணி என்னுடையது, கடன் என்னுடையது, உரிந்த கை என்னுடையது. ஊருக்கு மட்டும் அது "கிளாக்கற்றை மெசின்". "கிளாக்கர் மெசின் வாங்கிப்போட்டாராம்" என்று சந்தி முழுக்கக் கதை. வங்கிக் கடிதம்கூட அவருடைய பெயருக்குத்தான் வரும். அவர் ஒவ்வொருவரிடமும், "என்ரை இல்லை, மனிசியின்ரை. நான் கையெழுத்து வைச்சது மட்டும்தான்" என்று சொல்லிச் சொல்லிக் களைத்தார். ஊர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு அவரை இன்னும் மெச்சியது. இதையெல்லாம் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது யாரோடாவது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தால், "மனேஜரைக் கூப்பிடுங்கோ" என்பார்கள். கனடாவில் பிறந்த பேரப்பிள்ளைகளும் சொல்கின்றன. எந்த மனேஜர் என்று அவர்களுக்குத் தெரியாது.

இவர் போய்ச் சில மாதங்களுக்குப் பிறகு கிணற்றைத் திருத்தக் கடன் கேட்டு மறுபடி வங்கிக்குப் போனேன். இப்போது வேறு கட்டடம், வேறு மேசை, மின்விசிறி எல்லோருக்கும் பொதுவாகக் கூரையில் சுற்றியது. இருந்தவர் என் மகளைவிட இளையவர். உறுதியைப் பார்த்தார், மரணச் சான்றிதழைப் பார்த்தார். ஒரு நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு, "ஐயா இல்லாதபடியால் இனி உங்களுக்கு ஒருத்தற்றை சம்மதமும் தேவையில்லை அம்மா. நீங்கள் தனியவே கையெழுத்து வைக்கலாம்" என்றார். அவரை நான் ஏசிய ஏச்சில் மூன்று மேசைக்காரர் எழும்பி வந்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு வங்கியோடு கோபம் இன்னும் தீரவில்லை என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அந்த வங்கிப் பிள்ளையோடு எனக்கு என்ன கோபம்? என் காணியில் ஒரு துண்டை அசைக்க அந்த மனிதருடைய சம்மதம் எனக்குத் தேவைப்பட்டது. அவரோ என்னிடம் ஒரு சொல் கேட்காமல், ஒரு கையெழுத்து வாங்காமல், எழும்பிப் போய்விட்டார். அதனால் அவரோடு எனக்கு மறுபடியும் கதைபேச்சு இல்லை. ஏதும் சொல்ல இருந்தால் பூனையிடம்தான் சொல்கிறேன். இது வேறு பூனை.