நைனாவுக்கு ஏற்ற பிளாஷ்

போட்டோவில் சின்னசாமிக்குப் பின்னால் சுவரோரமாக யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். கன்னங்கரேலென்று, சின்னசாமியைவிட ஒரு சுற்றுப் பெரிதாக.

"யார்றா இது எம்பின்னால?" என்று கேட்டார் சின்னசாமி, கேமராவின் சின்னத் திரையில் கண்ணை இடுக்கிப் பார்த்து.

"உன் நிழல்தான் நைனா. கேமராவுலயே கீற பிளாஷ் நேரா மூஞ்சியில அடிக்குது. அதான் சுவத்துல வுழுது" என்றான் மகன் தமிழ்ச்செல்வன்.

"மூஞ்சி இன்னாடா, இட்லி மாவு பூசின மாரி கீது?"

"அதுவும் பிளாஷ்தான்."

"அப்ப வேற பிளாஷ் வாங்கு. சீக்கிரமா வாங்கு. ரொம்ப நாள் தள்ளிப்போட முடியாது" என்றார் சின்னசாமி.

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் தமிழ்ச்செல்வன் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தான்.

புத்தூரில் டிராக்டர் சாமான் கடையில் அவனுக்கு வேலை. பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சின்ன கேமரா இருக்கும். விஜயபுரத்திலிருந்து பஸ் ஏறி இறங்குவதற்குள் வேர்க்கடலை பிடுங்குகிறவர்கள், எருமை கழுவுகிறவர்கள், பஸ் படியில் தொங்குகிறவர்கள் என்று யாரையாவது எடுத்துவிடுவான். எல்லாம் வெளி வெளிச்சத்தில். அந்தக் கேமராவை இத்தனை வருஷமாக "வேலையத்த வேலை" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் சின்னசாமி. அவரே ஒருநாள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, "நல்லதா ஒரு போட்டோ எடுடா. முகம் தெளிவா இருக்கணும். வூட்டுக்குள்ளயே எடு, வெளியில வேணாம், ஊரு பாக்கும்" என்றால் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

"வயசானவங்க தானா வந்து போட்டோ எடுக்கச் சொன்னா இன்னா அர்த்தம்?" என்று சமையலறையில் ரூபா கணவனிடம் கிசுகிசுத்தாள். "போன மாசம் திருப்பதி ஆஸ்பத்திரியில தனியாப் போயி உடம்பு முழுக்க செக்கப் வேற பண்ணிகினு வந்தாரு. கேட்டா எல்லாம் நல்லா கீதுன்னு சிரிக்கிறாரு. அந்தச் சிரிப்புதாங்க எனக்குப் பயமா கீது."

அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது. அம்மா இறந்தபோது வீட்டில் ஒரு உருப்படியான போட்டோ கிடைக்கவில்லை. ரேஷன் கார்டில் இருந்ததைப் பெரிசாக்கி மாட்டினார்கள். அதில் இருப்பது அம்மாதான் என்று தெரிந்தவர்களுக்கே சொன்னால்தான் தெரியும். நைனாவுக்கு அந்தக் கதி வரக்கூடாது. கேமரா வைத்திருக்கும் மகன் அதைக்கூடச் செய்யாவிட்டால் எதற்கு?

நிழல் விழுந்த போட்டோவைப் புத்தலப்பட்டில் இருக்கும் அக்கா தாட்சாயணிக்கு அனுப்பினான். அடுத்த நிமிஷமே போன் அடித்தது.

"தமிழு, பின்னால நிக்கிறது நிழல் இல்லடா! எனக்கு நல்லாத் தெரியுது. எருமை மட்டும்தான் இல்ல!" என்று ஓவென்று அழுதாள்.

மறுநாளே தமிழ்ச்செல்வன் திருப்பதிக்குப் போனான். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்த பிளாஷைக் கேமராவின் தலையில் மாட்டியதும் கேமரா குப்புற விழுந்தது. "சின்னதா வேணுங்க. தினம் பையில போட்டுகினு போவணும்" என்றான்.

"அப்ப இது ச்சூடண்டி, இதப் பாருங்க சார்!" என்று கடைக்காரர் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான ஒன்றை எடுத்துக் காட்டினார். "சட்டப் பாக்கெட்ல போட்டா இருக்கிறதே தெரியாது. சரிப்படலன்னா கொண்டாங்க, மாத்தித் தரேன்."

அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு வெளிச்சமா என்று தமிழ்ச்செல்வன் மெய்மறந்து போனான். பஸ்ஸில் வரும்போது அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டான்.

பிளாஷ் சுத்தமாக வேலை செய்தது. ஆனால் அடிப்பதற்கு முன்னால் அளவு பார்க்க ஒரு மினுக்கு மினுக்கும். அந்த மினுக்கிலேயே சின்னசாமி கண்ணை மூடிவிடுவார். எத்தனை முறை எடுத்தாலும் கண் மூடியபடியே இருந்தார். முகத்தில் ஒரு சாந்தம் வேறு.

அதையும் அக்காவுக்கு அனுப்பினான். அங்கேதான் தப்பு நடந்தது. தாட்சாயணி அதைப் பார்த்துப் பொங்கிப் பொங்கி அழுது, "எங்க நைனா" என்று எழுதிக் கும்பிடும் கையையும் சேர்த்துச் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள். உடனே நாயுடுபேட்டையில் ஒருத்தர் "ஓம் சாந்தி" போட்டார். அதைப் பார்த்து நகரியில் ஒருத்தர் போட்டார். மற்றவர்கள் படத்தைச் சரியாகப் பார்க்காமலே வரிசையாகப் போட்டுத் தள்ளினார்கள்.

காலையில் கதவைத் திறந்த சின்னசாமியின் முன்னால், சித்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த மச்சான் கன்னையா ஆளுயர ரோஜா மாலையோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஆட்டோவிலிருந்து, குழுவில் வந்த "ஓம் சாந்தி"களை நம்பித் தலைவிரி கோலமாகத் தாட்சாயணி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"வா மச்சான்! யாருக்கு இவ்ளோ பெரிய மாலை?"

கன்னையா மாலையை நீட்டினார். "உனக்குத்தான் மச்சான். சும்மா... பாத்து ரொம்ப நாளாச்சேன்னு."

இப்படி ஒரு மரியாதையைச் சின்னசாமி வாழ்நாளில் கண்டதில்லை. மாலையை வாங்கித் தானே கழுத்தில் போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டேய் தமிழு! இப்ப எடுடா போட்டோ! மாலையோட எப்படி கீதுன்னு பாத்துக்கலாம்."

தாட்சாயணி குறுக்கே பாய்ந்து கேமராவை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "வேணாம் நைனா! மாலையோட மட்டும் வேணாம்!"

"இது இன்னாம்மா, என்னைக்காச்சும் போட்டுத்தான ஆவணும்?" என்றார் சின்னசாமி.

கன்னையா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். ரூபா அழுதுகொண்டே எல்லோருக்கும் இட்லி வைத்தாள். சின்னசாமி மட்டும் மாலையைக் கழற்றாமலே எல்லோரையும்விட நன்றாகச் சாப்பிட்டார்.

தமிழ்ச்செல்வன் மறுபடியும் திருப்பதிக்கு ஓடினான். கண்ணுக்கு நேரே அடிக்காத பிளாஷ் வேண்டும் என்றான். இந்த முறை கிடைத்தது உண்மையிலேயே அற்புதமான சாமான். அதே சின்ன அளவுதான், ஆனால் கழுத்து இருந்தது. தலையை மேலே திருப்பலாம், பக்கத்தில் திருப்பலாம். வெளிச்சம் மேலே பட்டுத் திரும்பிப் பூப்போல முகத்தில் இறங்கும். செய்தவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று தோன்றியது அவனுக்கு.

வீட்டுக்கு வந்து பிளாஷின் தலையை மேலே திருப்பி எடுத்தான். நிழல் இல்லை. கண் திறந்திருந்தது. ஆனால் போன பொங்கலுக்குக் கூரைக்கும் சேர்த்துப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

"ஐயோ, மாமா முகம் பச்சையா கீதே! மஞ்சக் காமாலை முத்திட்டா இப்படித்தான் ஆவும்னு சொல்லுவாங்க!" என்றாள் ரூபா.

"அது கூரை நிறம்டி!"

"சும்மா எனக்குத் தைரியம் சொல்லாதீங்க" என்று கண்ணைத் துடைத்தாள் அவள்.

சின்னசாமி பொறுமை இழந்துகொண்டிருந்தார். "டேய், நாளைக்கு நான் இதை எடுத்துகினு நாயுடுபேட்டைக்குப் போவணும். உன்னால முடியுமா, இல்ல ஸ்டூடியோவுக்குப் போவட்டுமா?"

நாயுடுபேட்டை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அங்கே பெரிய பெரிய பிரேம் போடுகிற கடைகள் உண்டு.

தமிழ்ச்செல்வன் சுற்றிலும் பார்த்தான். ரூபா துவைத்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். நைனாவின் எட்டு முழ வேட்டி ஒன்று வெள்ளை வெளேரென்று மேலே இருந்தது.

"ரூபா, அதைப் பிரிச்சு இந்தப் பக்கமா உசரத் தூக்கிப் புடி. மூஞ்சத் திருப்பிக்கோ, அழுவுற சத்தத்துல நைனா கண்ணு அங்க போவுது."

பிளாஷின் தலையை வேட்டியின் பக்கம் திருப்பி அழுத்தினான்.

திரையில் வந்ததைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். வெளிச்சம் ஒரு பக்கமாக வந்து நெற்றியிலும் மூக்கிலும் மீசையிலும் தடவியதுபோல் விழுந்திருந்தது. வெயிலில் காய்ந்த சுருக்கங்கள் ஒன்றுகூடப் போகவில்லை, ஆனால் ஒவ்வொன்றும் கம்பீரமாக இருந்தது. கண்ணுக்குள் ஒரு சின்னப் பொறி. உதட்டோரத்தில் யாரிடமும் சொல்லாத ஒரு சிரிப்பு. இவ்வளவு அழகான ஆளோடா இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம் என்று நினைத்தான் தமிழ்ச்செல்வன். இந்த மனுஷனை இழக்கப் போகிறோமே என்றும் நினைத்தான்.

சின்னசாமி கேமராவை வாங்கித் திரையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது போதும்டா" என்றார் மெதுவாக. "நல்ல கைடா உனக்கு."

இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன முதல் பாராட்டு அது. தமிழ்ச்செல்வன் கொல்லைப்பக்கம் போய் வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

புத்தூரில் பிரிண்ட் போட்டுக்கொண்டு சின்னசாமி நாயுடுபேட்டைக்குப் போய் வந்தார். வந்ததும், "ஞாயித்துக்கெழமை எல்லாரும் வந்துடுங்க. ஒரு விஷயம் சொல்லணும்" என்றார்.

எல்லோரும் வந்தார்கள். கன்னையா இந்த முறை முன்ஜாக்கிரதையாக வெறுங்கையோடு வந்தார். தமிழ்ச்செல்வன் நைனா பேசப்போவதை எடுத்து வைத்துக்கொள்ள கேமராவில் அந்தச் சின்ன பிளாஷை மாட்டி மடியில் வைத்திருந்தான். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"நான் சொல்லப்போறது உங்களுக்கு கஷ்டமாத்தான் இருக்கும்" என்று ஆரம்பித்தார் சின்னசாமி.

"நைனா" என்று தாட்சாயணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்களுக்கு எல்லாம் தெரியும். நீ எதுவும் சொல்ல வேணாம். உன் ஆசை எதுவா இருந்தாலும் நாங்க குறுக்க நிக்க மாட்டோம்."

"எதுவா இருந்தாலுமா?"

"அம்மா மேல சத்தியமா" என்றான் தமிழ்ச்செல்வன். கன்னையாவும் தலையாட்டினார்.

சின்னசாமியின் முகம் போட்டோவில் இருந்ததைவிட நன்றாக மலர்ந்தது. "எல்லாருக்கும் தெரிஞ்சே போச்சா! நான்தான் எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சிகினு இருந்தேன்."

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வக்கீலாக இருக்கும் என்று கன்னையா முணுமுணுத்தார். பெரிய டாக்டராக இருக்கும் என்றாள் ரூபா. பட்டுப்புடவை கட்டிய, முன்நெற்றி நரைத்த ஒரு அம்மா தயங்கித் தயங்கி இறங்கினார். கூடவே இறங்கிய அவருடைய மகள் விடுவிடுவென்று உள்ளே வந்தவள், தமிழ்ச்செல்வன் மடியிலிருந்த கேமராவைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக அவனிடம் வந்தாள்.

"மாப்பிள்ளை போட்டோவ எடுத்தது நீங்கதானாண்ணா? எவ்ளோ பேரு போட்டோ காட்டினாலும் வேணாம்னு சொல்லிகினு இருந்த எங்கம்மா, இதைப் பாத்துட்டுத்தான் சரின்னு சொன்னாங்க!"