பச்சையாகிப் போன கல்

மோதிரத்தை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் கல் பச்சையாகத்தான் இருந்தது. போன மாதம்வரை வானம்போல் நீலமாக இருந்த பெரோசா கல்.

நிஷாபூரில் ஆட்டுத்தலை, கால் சூப் கடை நடத்தும் இஸ்கந்தர் பயந்துபோனான். கல்யாணத்தன்று அதை விரலில் மாட்டிவிட்டு மாமியார் சொன்ன வார்த்தை அப்படி: "மாப்ளே, மனசு வேற பொண்ணு பக்கம் சாஞ்சா இந்தக் கல்லு பச்சையாயிடும். பார்த்துக்குங்க."

காலொடிந்து கிடந்த அந்த மாமியாரைக் கவனிக்கத்தான் மனைவி மாஹ்ரோக் ஒரு மாதமாக சப்ஸெவாரில் இருந்தாள். சற்றுமுன் போன் செய்தாள். "பஸ் ஏறிட்டோம். அம்மாவும் கூட வர்றாங்க."

அவன் மனசு எங்கேயும் சாயவில்லை. கொதிக்கிற அண்டாவை விட்டு அவனே நகர்ந்ததில்லை.

"சோப்புப் போட்டுத் தேய்ங்கண்ணே" என்றான் கூட வேலை பார்க்கும் ரஜப்.

தேய்த்தான். பச்சை இன்னும் கூடியது.

"எலுமிச்சம்பழம்?"

இருந்த பளபளப்பும் போயிற்று.

"துணிக்குப் போடுற நீலம் இருக்குல்ல, அது?"

நீலம் கல்லில் ஒட்டவில்லை. விரலில் ஒட்டிக்கொண்டது.

"ஏண்டா, உனக்கு என் மேல அப்படி என்னடா கோவம்?"

மோதிரம் வாங்கிய கடைக்கே ஓடினான். கடைக்காரர் யதுல்லா அதை முகர்ந்து பார்த்தார்.

"ஆட்டுக் கொழுப்பு. பெரோசா எண்ணெயையும் குடிக்கும், சோப்பையும் குடிக்கும். குடிச்சா பச்சைதான்."

"அப்ப என் மனசு?"

"மனசெல்லாம் நான் விக்கறதில்ல தம்பி."

"நிறம் மாறாத கல்லா ஒண்ணு குடுங்க!"

"மாறவே மாறாதுன்னா பிளாஸ்டிக்தான். தரவா?"

இஸ்கந்தருக்கு ரோஷம் வந்துவிட்டது. "சும்மா சொல்லாதீங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதே கையோடதான் தலையும் காலும் அலசறேன். இத்தனை வருஷத்துல ஒரு பொட்டு மாறல. அவ ஊர்ல இல்லாத மாசம் பார்த்துப் பச்சையானா, அவங்கம்மா என்ன நினைப்பாங்க?"

யதுல்லா அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மாறலையா? பச்சையாகுற ஒவ்வொரு தடவையும், நீங்க மத்தியானம் அசந்து தூங்கறப்ப, உங்க வீட்டம்மாதானே கழட்டிட்டு வந்து புதுக் கல்லு வச்சுட்டுப் போவாங்க!"